உம்ரா குழுவும் ஒட்டகப் பண்ணையும்: மெர்ஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 லுக்குட்_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நம்ம லுக்குட், தானா மேரா, சிலியாவ் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து உம்ரா போகிறார்கள். பயண நிரலில், மக்காவிலிருந்து ஜித்தா போகும் பழைய சாலையில் ஹுதைபியா பக்கம் ஒட்டகப் பண்ணையில் பஸ் நிற்கும் என்று போட்டிருக்கிறது. போய் வந்தவர்களுக்குத் தெரியும்: ஒட்டகத்தோடு படம் எடுக்கலாம், கண் முன்னால் கறந்த பாலை பாட்டிலில் வாங்கலாம். கேட்டால் இன்னொன்றையும் பாட்டிலில் தருவார்கள், அது வேண்டாம்.

குழுவில் பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் நிறைய. அவர்களில் சிலர் பண்ணையை எதிர்பார்ப்பதே பாலுக்காகத்தான், சர்க்கரையைக் குறைக்கும் என்று.

மெர்ஸ் என்கிற மத்திய கிழக்கு சுவாச நோய், ஒரு கொரோனா வகை வைரஸால் வருவது: ஒட்டகம் இதை மனிதனுக்கு எப்படிக் கொடுக்கிறது? பாலைக் காய்ச்சினால் போதுமா? திரும்பி வந்தபின் எத்தனை நாள் கவனிக்க வேண்டும்? வாட்ஸ்அப்பில் வந்ததை இங்கே போடாதீர்கள், தெரிந்தவர்கள் மட்டும்.

#2 செம்பனை_மண்டோர்

பாய், அது 2014ல் கிளப்பிய பயம். கொரோனாவையே பார்த்தாச்சு. இப்ப யார் மெர்ஸ் பற்றிப் பேசுகிறார்கள்?

#3 பழைய_டிரஸர்

பேச்சு குறைந்தது உண்மை, மண்டோர். நோய் போகவில்லை. 2012ல் ஜித்தாவில் ஒரு நோயாளியின் சளியிலிருந்து இந்த வைரஸை எகிப்திய ஆய்வாளர் அலி முகமது ஸக்கி பிரித்தெடுத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜோர்தானின் ஸர்க்கா மருத்துவமனையில் பரவிய நிமோனியாவும் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. இன்றுவரை 27 நாடுகளில் 2,600 பேருக்கு மேல் உறுதியாகியிருக்கிறது, பெரும்பகுதி சவூதியில். உறுதியானவர்களில் நூற்றுக்கு சுமார் 36 பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் ஏறாததால் அந்த விகிதம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதற்காக அலட்சியம் செய்கிற எண் அல்ல.

மலேசியாவில் இதுவரை இரண்டே பேர். முதலாமவர் 2014 மார்ச்சில் உம்ரா போன ஜொகூர்க்காரர், ஏப்ரலில் இறந்தார். இரண்டாமவர் 2017 டிசம்பரில் திரும்பி வந்தவர். இருவருமே அங்கே ஒட்டகப் பண்ணைக்குப் போனவர்கள், இருவருமே ஒட்டகப் பால் குடித்தவர்கள். பாய் கேட்ட பயண நிரலின் அந்த ஒரு வரிதான் இரண்டு பேருக்கும் பொதுவானது.

எண்ணிக்கை இரண்டுதான் என்பதால் ஆபத்து சின்னது என்று சொல்லலாம், சரிதான். ஆண்டுதோறும் இங்கிருந்து உம்ரா போகிறவர்கள் லட்சக்கணக்கில். ஆனால் இது எல்லாருக்கும் ஒரே அளவான ஆபத்து இல்லை. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், புகைப்பழக்கம் இருக்கிறவர்கள்தான் படுக்கையில் விழுகிறார்கள். பாய் குழுவில் பாலுக்கு முதலில் கை நீட்டப் போவது யார்? அதே ஆட்கள். இளசுகள் படம் எடுத்துவிட்டு பஸ் ஏறிவிடும்.

#4 மாட்டு_வைத்தியம்

ஒட்டகப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் எந்த ஒட்டகம் என்று பார்க்க வேண்டும். ஒற்றைத் திமில் ஒட்டகம்தான் மெர்ஸ் வைரஸின் வீடு. மங்கோலியா, கஸக்ஸ்தான் பக்கத்து இரட்டைத் திமில் ஒட்டகங்களின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் கிடைக்கவில்லை. அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வளர்ந்த ஒற்றைத் திமிலில் பத்துக்கு ஒன்பதில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது, அதாவது எப்போதோ ஒருமுறை வந்து போயிருக்கிறது. ஓமானில் 2013ல் சோதித்த 50 ஒட்டகத்தில் 50லும் இருந்தது. உறைவித்து வைத்திருந்த பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவில் 1983லேயே இருந்தது தெரிந்தது. ஆக 2012ல் புதிதாக முளைத்த நோய் இல்லை, 2012ல் நாம் கவனித்த நோய்.

ஒட்டகத்துக்கு இது வெறும் ஜலதோஷம். மூக்கு ஒழுகும், சிலதுக்கு லேசான இருமல், கண்ணில் நீர். தீனி குறையாது, படுக்காது. மேய்ப்பவன் கண்ணுக்கே நோயாகத் தெரியாது. ஆனால் அந்த மூக்குச்சளியில் வைரஸ் கொள்ளை கொள்ளையாக இருக்கும். சோதனைக்கூடத்தில் ஒட்டகத்துக்குத் தொற்ற வைத்துப் பார்த்தபோது சுமார் ஒரு வாரம் உயிருள்ள வைரஸை மூக்கு வழியாக வெளியேற்றியது. வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. துணுக்குகள் ஒரு மாதத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தன.

எது அதிகம் பரப்பும்? கன்றுதான். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு நாலு, ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும், அப்போது முதல்முறையாகத் தொற்றும். இரண்டு வயதுக்குள் பெரும்பாலானவை ஒருமுறை வாங்கிவிடும். பெரிய ஒட்டகத்துக்கும் மறுபடி தொற்றும், ஆனால் குறைவான அளவு. கன்று போடும் காலம் அங்கே குளிர்மாதங்கள். அதை அடுத்த மாதங்களில் பண்ணையில் சுற்றுவது கூடுதல் ஆபத்து.

சுற்றுலாப் பயணிகள் பண்ணையில் எதைத் தொடுகிறார்கள் என்று யோசியுங்கள். கிழட்டு ஒட்டகத்தையா? கன்றைத்தான் கட்டிப்பிடிக்கிறார்கள். அதன் மூக்கோடு கன்னத்தை வைத்துப் படம் எடுக்கிறார்கள். வேறு எங்கேயும் தொடாமல் நேராக ஊற்றிலேயே வாயை வைப்பது அது.

#5 லேப்_அக்கா

டிரஸர் ஐயாவும் வைத்தியரும் சொன்னதை ஒரு புரதம் இணைக்கிறது. பெயர் டி.பி.பி.4. இந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அது. ஒட்டகத்துக்கு அது மூக்கின் உள்தோலில் நிறைய இருக்கிறது. மனிதனுக்கு மூக்கில் மிகக் குறைவு, நுரையீரலின் அடியில், காற்றுப் பைகளின் சுவரில் இருக்கிறது. அதனால்தான் ஒட்டகத்துக்கு ஜலதோஷம், நமக்கு நிமோனியா.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, மனிதனுக்குத் தொற்ற வைரஸ் ஆழத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கு நெருக்கமும் நல்ல அளவும் தேவை. வேலிக்கு வெளியே நடந்து போனதற்கு வந்துவிடாது. இரண்டு, நோய் வந்த மனிதனின் மூக்கில் வைரஸ் குறைவு என்பதால் அவரிடமிருந்து அடுத்தவருக்கு எளிதில் பரவாது. கொரோனா மாதிரி ஊரெல்லாம் போகாததற்குக் காரணம் இது. விதிவிலக்கு மருத்துவமனை. அங்கே குழாய் போடுகிறோம், சளி உறிஞ்சுகிறோம், ஆவி கொடுக்கிறோம், ஆழத்தில் இருந்தது காற்றுக்கு வந்துவிடுகிறது. 2015ல் தென்கொரியாவில் மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒரே ஒருவரிடம் தொடங்கி, அவரையும் சேர்த்து 186 பேருக்கு வந்தது, 38 பேர் இறந்தார்கள். அந்த வரிசையில் அவசரப் பிரிவில் படுத்திருந்த ஒரு நோயாளியிடமிருந்து மட்டும் 80 பேருக்கு மேல்.

ஒட்டகத்திலிருந்து மனிதனுக்கு நேரடியாகப் போனதற்கு 2013ன் ஜித்தா சம்பவம் நல்ல சாட்சி. ஒட்டகங்களுக்கு மூக்கு ஒழுகியது, உரிமையாளர் அதன் மூக்கில் கையால் மருந்து தடவினார். சில நாளில் அவருக்கே நிமோனியா, இறந்துபோனார். அவருடைய வைரஸும் ஒட்டகத்தின் வைரஸும் ஒன்றேதான். அந்தக் கொட்டகையின் காற்றிலும் வைரஸின் ஆர்.என்.ஏ. கிடைத்தது.

#6 ஆட்டுக்காரன்

அப்ப என் ஆடு? தோட்டத்து எல்லையில் முப்பது நாற்பது மேய்கிறது. உம்ரா போய் வந்தவர் வந்து தொட்டால்?

#7 மாட்டு_வைத்தியம்

ஆட்டுக்குப் பயம் வேண்டாம் தம்பி. அங்கேயே ஒட்டகத்தோடு ஒரே கொட்டகையில் நின்ற ஆடு, மாடுகளைச் சோதித்ததில் தொடர்ந்து பரப்பும் அளவுக்கு எதுவும் இல்லை. சோதனைக்கூடத்தில் ஆடு, செம்மறிக்குக் கொடுத்தும் சரியாகப் பற்றவில்லை. பற்றுவது ஒட்டகக் குடும்பம்: லாமா, அல்பாக்கா. கத்தாரில் ஒட்டகத்தோடு இருந்த அல்பாக்காவில் எதிர்ப்புப் பொருள் கிடைத்தது. இப்போது இங்கே பிள்ளைகள் தீனி கொடுக்கும் பண்ணைகளில் அல்பாக்கா வைத்திருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். அதுவும் ஒற்றைத் திமில் ஒட்டகத்தோடு சேர்ந்து நின்றால்தான் கேள்வி, தனியாக நிற்கும் அல்பாக்காவால் ஒன்றுமில்லை.

#8 லுக்குட்_பாய்

நன்றி. பாலுக்கு வாருங்கள். "கறந்ததும் குடித்தால் சூடாக இருக்கிறது, கிருமி இருக்காது" என்கிறார் ஒரு பெரியவர்.

#9 மாட்டு_வைத்தியம்

அது உடம்புச் சூடு, 37, 38 டிகிரி. வைரஸுக்கு மெத்தை.

ஒட்டகத்தை எப்படிக் கறக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் கேட்கமாட்டார். பசு மாதிரி கையை வைத்ததும் ஒட்டகம் பால் விடாது. முதலில் கன்றை விட்டு முட்ட வைப்பார்கள். கன்று நாலு காம்பையும் சப்பி, மூக்கால் மடியை இடித்து, பால் இறங்கியதும் அதைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திவிட்டுக் கறப்பார்கள். ஒட்டகம் உயரம் என்பதால் கறப்பவர் ஒற்றைக் காலில் நின்று, மடக்கிய முட்டியில் பாத்திரத்தை வைத்துக்கொள்வார். பால் இறங்கிய சில நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் மடியை யாரும் சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை. கன்றின் எச்சிலும் மூக்குச்சளியும் காம்பில் இருக்கிறது, கறப்பவரின் விரலில் இருக்கிறது, அந்த விரல் வழியாகப் பாத்திரத்துக்குள் போகிறது. கன்றுதான் அதிகம் பரப்பும் என்று மேலே சொன்னேன், ஞாபகம் இருக்கட்டும்.

2014ல் கத்தாரில் கறந்த பச்சைப் பாலில் வைரஸின் ஆர்.என்.ஏ. கிடைத்தது. மடியிலிருந்தே வந்ததா, இப்படி வெளியிலிருந்து கலந்ததா என்பதைப் பாலைப் பார்த்துச் சொல்ல முடியாது. குடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

#10 லேப்_அக்கா

நேர்மையாக ஒன்று சேர்க்கிறேன். ஆர்.என்.ஏ. கிடைத்தது என்றால் உயிருள்ள வைரஸ் என்று அர்த்தமில்லை. பால் குடித்ததால் மட்டும்தான் வந்தது என்று தனியாகப் பிரித்துக் காட்டிய நோயாளியும் கிடையாது, ஏனென்றால் பால் குடித்தவர் அந்தக் கொட்டகையில் நின்று மூச்சும் விட்டிருப்பார், கன்றையும் தொட்டிருப்பார்.

ஆனால் பாலுக்குள் வைரஸைக் கலந்து வைத்துச் சோதித்ததில் 4 டிகிரி குளிரில் 72 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருந்தது. 22 டிகிரியில் 48 மணி நேரம் கழித்தும் கொஞ்சம் மிஞ்சியது. 63 டிகிரியில் 30 நிமிடம் சூடு காட்டியதும் எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே "ஐஸ் பெட்டியில் வைத்து ஹோட்டலுக்குக் கொண்டு போய்க் குடிக்கலாம்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. குளிர் அதைக் கொல்லாது, பாதுகாக்கும்.

#11 பழைய_டிரஸர்

காய்ச்சுவதென்றால் முறை சுலபம். பால் பொங்கி மேலே வர வேண்டும், வந்தபின் தீயைக் குறைத்து இன்னும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், அடி கிண்டிக்கொண்டே. ஆலைக் கணக்கில் 72 டிகிரி 15 விநாடி, அல்லது 63 டிகிரி 30 நிமிடம். வீட்டில் வெப்பமானி இல்லாமல் 63ஐப் பிடித்து வைக்க முடியாது, அதனால் கொதிக்க விடுவதே நல்லது. மெர்ஸ் மட்டும் இல்லை, பச்சைப் பாலில் புருசெல்லா என்கிற பாக்டீரியாவும் உண்டு. அது வந்தால் மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும். சவூதியில் அது மெர்ஸைவிடப் பல மடங்கு சாதாரணம்.

நடைமுறையில் பார்த்தால் பண்ணையில் அடுப்பு இருக்காது, ஹோட்டல் அறையில் கெட்டில் இருக்கும். கெட்டிலில் பால் காய்ச்சினால் பொங்கி, அடி பிடித்து, ஹோட்டல்காரன் காசு கேட்பான். பால் ஆசை இருந்தால் அங்கே கடையில் முத்திரை போட்ட, பதப்படுத்திய பாட்டில் கிடைக்கிறது, அதை வாங்கச் சொல்லுங்கள் பாய். இங்கே பாக்கெட்டில் விற்கிற ஒட்டகப் பால் பவுடர் பதப்படுத்திய பாலில் செய்ததானால் அதில் இந்தப் பயம் கிடையாது. சர்க்கரையைக் குறைக்குமா என்பது வேறு சண்டை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பவுடரைக் கலக்கிக் குடிக்கிறவர்களை வருடக்கணக்கில் தோட்டத்தில் பார்த்தாகிவிட்டது.

பாய் முதல் பதிவில் எழுதாமல் விட்ட அந்த இன்னொரு பாட்டிலைப் பற்றி நான் எழுதிவிடுகிறேன்: ஒட்டக மூத்திரம். உலக சுகாதார நிறுவனமே குடிக்காதே என்று சொல்லியிருக்கிறது. யாரும் கூச்சப்படாமல் குழுவுக்குச் சொல்லுங்கள்.

#12 செம்பனை_மண்டோர்

அங்கே பாலைவனத்து ஆட்கள் பாட்டன் காலத்திலிருந்து பச்சைப் பால்தானே குடிக்கிறார்கள். அவர்கள் செத்தா போனார்கள்?

#13 லேப்_அக்கா

நல்ல கேள்வி அண்ணே, இதற்குக் கணக்கு இருக்கிறது. சவூதியில் பொது மக்கள் பத்தாயிரம் பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள், 15 பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது, அதாவது 0.15 சதவீதம். ஒட்டக மேய்ப்பர்களில் 2.3 சதவீதம், அறுப்பகத் தொழிலாளர்களில் 3.6 சதவீதம். அவர்களுக்கும் தொற்றுகிறது, நம்மைவிட அதிகமாகவே. பலர் இளைஞர்கள், உடல் உழைப்பாளிகள், காய்ச்சல் தடிமன் என்று கடந்துவிடுகிறது. அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து சர்க்கரைக்காரத் தாத்தாவுக்குப் போகும்போதுதான் மருத்துவமனைக் கணக்கில் ஏறுகிறது. ஒட்டகத்தைத் தொட்டதே இல்லை என்று சொல்லும் நோயாளிகள் நிறைய இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. ஒற்றைத் திமில் ஒட்டகங்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது: சோமாலியா, சூடான், கென்யா, எத்தியோப்பியா. அங்கே ஒட்டகத்தில் வைரஸ் நிறைய, மனிதரில் நோய் மிகக் குறைவாகத்தான் தெரிய வந்திருக்கிறது. அந்த வைரஸ் வகை கொஞ்சம் வேறு, மனித நுரையீரல் திசுவில் அரேபிய வகை அளவுக்குப் பெருகுவதில்லை. சோதனை வசதி குறைவு என்பதும் ஒரு பங்கு.

#14 கிளினிக்_மல்லி

குறுக்கே ஒரு சந்தேகம். சர்க்கரைக்கு சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் கொடுக்கிறோமே, அவை டி.பி.பி.4 தடுப்பான்கள்தானே? கைப்பிடியே அதுதான் என்றால் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பாதுகாப்பு கிடைக்காதா?

#15 லேப்_அக்கா

எல்லாரும் முதலில் யோசித்தது அதுதான் மல்லி, ஆரம்பத்திலேயே சோதித்தும் பார்த்தார்கள். தடுக்கவில்லை. மாத்திரை போய் உட்காருவது நொதி வேலை செய்யும் உள்குழியில். வைரஸ் ஒட்டுவது புரதத்தின் வெளிப்பக்கத்து வேறு இடத்தில். உள்ளே பூட்டுப் போட்டாலும் வெளியே கைப்பிடி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையை நம்பி யாரும் பால் குடிக்க வேண்டாம், மெர்ஸுக்குப் பயந்து மாத்திரையை விடவும் வேண்டாம்.

#16 ஆட்டுக்காரன்

நிப்பா மாதிரி ஆகிவிடுமா என்று எங்கள் லயத்தில் கேட்கிறார்கள். சுங்கை நிப்பா நமக்குப் பக்கத்து ஊர்தானே.

#17 பழைய_டிரஸர்

இந்த ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

நிப்பா 1998ல் ஈப்போ பக்கம் தொடங்கி, பன்றியை லாரியில் ஏற்றி விற்றதில் இங்கே புக்கிட் பெலண்டோக்குக்கு வந்தது. நாட்டில் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து மாதக்கணக்கில் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங் வைரஸைப் பிரித்தபின்தான் திசை மாறியது. கொட்டகை மேலே மாமரம், மரத்தில் பழந்தின்னி வௌவால், கடித்துப் போட்ட பழம் கீழே பன்றிக்கு.

ஒற்றுமை: இரண்டிலும் இடையில் ஒரு வீட்டு விலங்கு நின்று வைரஸைப் பெருக்குகிறது. மெர்ஸின் தூரத்துச் சொந்தங்களும் வௌவாலில்தான் கிடைத்தன. வித்தியாசம்தான் பாய் குழுவுக்குத் தேவை. நிப்பா பன்றி பலமாக இருமியது, தூரத்திலேயே கேட்கும் என்பார்கள். ஒட்டகம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. "நோயாளி ஒட்டகத்தைத் தொடமாட்டேன்" என்கிற எச்சரிக்கை இங்கே உதவாது, நல்ல ஒட்டகம் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கொன்று தீர்க்கவும் முடியாது, அந்த நாட்டில் பத்துக்கு ஒன்பதைக் கொல்ல வேண்டியிருக்கும்.

#18 மாட்டு_வைத்தியம்

தடுப்பூசி பற்றி யாராவது கேட்பதற்குள்: மனிதனுக்கு உரிமம் பெற்றது இன்னும் இல்லை. ஒட்டகத்துக்கு மூக்கு வழியாகவும் ஊசியாகவும் கொடுத்துச் சோதித்த ஒன்று உண்டு, ஒட்டக அம்மைக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரக்கூடியது. வைரஸ் வெளியேறுவதைக் குறைத்தது, முழுக்க நிறுத்தவில்லை. ஒட்டகத்துக்கு நோயே இல்லாதபோது அதன் உரிமையாளர் எதற்குக் காசு போட்டு ஊசி போடுவார் என்பதுதான் அங்கே நிற்கிற கேள்வி.

ஒட்டகம் மெர்ஸை மட்டும் சுமக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சாதாரணத் தடிமன் தரும் 229இ என்கிற கொரோனா வைரஸின் நெருங்கிய உறவு ஒட்டகத்தில் சுற்றுகிறது. ஒரு காலத்தில் நமக்கு ஒட்டகம் வழியாக வந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். மங்கோலியாவில் இரட்டைத் திமிலில் குதிரை வகை இன்ஃபுளுவன்ஸாவும் பிடித்திருக்கிறார்கள்.

#19 லுக்குட்_பாய்

சரி. நிரலை மாற்ற ஏற்பாட்டாளர் சம்மதிக்கலாம், சம்மதிக்காமலும் போகலாம். பஸ் நின்றால் என்ன செய்ய வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள். நோட்டீசில் மலாயிலும் தமிழிலும் போட வேண்டும்.

#20 பழைய_டிரஸர்

சர்க்கரை, சிறுநீரகம், இதயம், ஆஸ்துமா, புற்றுநோய் மருந்து, ஸ்டீராய்டு மாத்திரை, இதில் ஒன்று இருந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டாம். என் கருத்து இதில் கண்டிப்பு.

மற்றவர்கள் இறங்கினால் கொட்டகைக்குள் போக வேண்டாம், திறந்த வெளியில் வேலிக்கு இப்பால். முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கன்றைத் தொட்ட கையாலேயே கவசத்தைச் சரி செய்தால் போட்டும் பயன் இல்லை. தொடக் கூடாது, முத்தம் கூடாது, அது துப்பும் தூரத்தில் நிற்கக் கூடாது. பண்ணையில் எதையும் சாப்பிட வேண்டாம், பேரீச்சம்பழம்கூட. திரும்பி ஏறும்போது படிக்கட்டிலேயே ஒவ்வொருவர் கையிலும் ஜெல் ஊற்ற ஒருவரை நிறுத்துங்கள். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கையில் சாணி, மண் ஒட்டியிருந்தால் ஜெல் வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும் 20 விநாடி. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும்.

செருப்பு: ஹோட்டலில் சோப்புத் தண்ணீரில் முதலில் தேய்த்துச் சாணியை எடுத்துவிடுங்கள். அப்புறம் 5 சதவீதப் பிளீச் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் நனைத்துக் கழுவுங்கள். சாணியோடு பிளீச் ஊற்றினால் பிளீச்தான் செத்துப்போகும், கிருமி இல்லை.

#21 மாட்டு_வைத்தியம்

ஐயாவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். உடல் நலமுள்ளவர் வேலிக்கு வெளியே, காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கவசம்கூட அவசியமில்லை. எல்லாவற்றுக்கும் தடை போட்டால் கடைசியில் முக்கியமான தடையையும் மீறுவார்கள். கன்றைத் தொடாதே, பச்சைப் பால் குடிக்காதே. இந்த இரண்டை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

#22 பழைய_டிரஸர்

வேலி எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று நமக்கு யார் சொன்னது, டாக்டரே? என் வரியும் இருக்கட்டும்.

#23 லேப்_அக்கா

திரும்பி வந்தபின். தொற்றியதிலிருந்து அறிகுறி வர 2 முதல் 14 நாள், பெரும்பாலும் ஐந்தாறு நாளில். அதனால் விமான நிலையத்தில் வெப்பம் பார்த்து விட்டுவிட்டார்கள் என்பது ஒரு சான்றும் இல்லை. வந்த நாளிலிருந்து 14 நாள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் பாருங்கள். வயதான சர்க்கரைக்காரருக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும். வயிற்றுப்போக்கோடு தொடங்குகிறவர்களும் உண்டு. உம்ரா போய் வந்த பலருக்குத் தொண்டை வலியும் இருமலும் இருக்கும், அதில் பெரும்பாலானவை சாதாரண ஃப்ளூ. போகுமுன் ஃப்ளூ ஊசி போட்டிருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

அறிகுறி இருந்தால் நேராகப் போய்க் கிளினிக் பெஞ்சில் உட்காராதீர்கள். முதலில் போன் செய்யுங்கள், கவசம் போடுங்கள், கவுண்டரில் முதல் வாக்கியமாக "உம்ரா போய் வந்தேன், ஒட்டகப் பண்ணைக்குப் போனேன், இந்தத் தேதியில் இறங்கினேன்" என்று சொல்லுங்கள். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் டிங்கிக்கு ரத்தம் எடுத்து அனுப்பிவிடுவார்கள், இந்த ஊரில் அதுதான் முதல் சந்தேகம். கொரியாவில் நாட்கள் வீணானது இப்படித்தான்: பயண விவரம் கிடைப்பதற்குள் முதல் நோயாளி பல இடங்களில் வைத்தியம் பார்த்திருந்தார்.

கிளினிக் ஊழியர்களுக்கு: மூக்கு, தொண்டைத் துடைப்பு மட்டும் எடுத்து 'இல்லை' என்று வந்தால் நம்பி விட்டுவிடக் கூடாது. நோய் ஆழத்தில் இருக்கிறது, காறித் துப்பிய சளிதான் சரியான மாதிரி. குழாய் போட்டவரானால் மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சியது. எச்சில் வேண்டாம், இருமி வரும் சளி. மூன்றடுக்குப் பொதியில், 2 முதல் 8 டிகிரியில், 72 மணி நேரத்துக்குள் சேர வேண்டும். தாமதமானால் மைனஸ் 70ல் உறைய வைக்க வேண்டும், சாதாரண ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி ஆகாது. சந்தேகம் பலமாக இருந்து முதல் முடிவு 'இல்லை' என்றால் மறுபடி எடுங்கள். சந்தேகம் வந்ததுமே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும், முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

#24 கிளினிக்_மல்லி

கவுண்டர், நாற்காலி இதிலெல்லாம் எவ்வளவு நேரம் இருக்கும் அக்கா?

#25 லேப்_அக்கா

பிளாஸ்டிக், எஃகு மேல் வைத்துப் பார்த்ததில் 20 டிகிரி, 40 சதவீத ஈரப்பதத்தில் 48 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருந்தது. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் 8 மணி நேரம். இரண்டாவது நம் வெளித் திண்ணை, முதலாவது ஏர்கான் போட்ட உங்கள் காத்திருப்பு அறை. அதனால் இப்படிப்பட்டவரை வெளியே, காற்றோட்டமான இடத்தில் தனியாக உட்கார வைப்பதே உங்களுக்கும் நல்லது.

#26 செம்பனை_மண்டோர்

சரி, ஒத்துக்கொள்கிறேன். கடைசியாக: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இங்கேயே ஒட்டகம் கொண்டு வந்து குர்பான் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அதில் எப்படி?

#27 மாட்டு_வைத்தியம்

எந்த நாட்டு ஒட்டகம் என்று முதலில் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் காட்டில் திரியும் ஒற்றைத் திமில் ஒட்டகங்களைச் சோதித்ததில் மெர்ஸின் தடயமே இல்லை. அவற்றின் முன்னோர் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் போய், அப்புறம் அங்கேயே பெருகியவை. மத்திய கிழக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து உயிரோடு வருவதென்றால் கதை வேறு. சவூதியே 2015 ஹஜ்ஜில் ஒட்டகம் அறுப்பதை நிறுத்தியது.

அறுக்கும்போது தலைப்பக்கம், மூச்சுக்குழாய், நுரையீரலைக் கையாள்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். அவருக்கு என்95 கவசம், கண்ணாடி, முழங்கை வரை கையுறை. தலையையும் நுரையீரலையும் பிள்ளைகள் கூடியிருக்கும் இடத்தில் வெட்டிப் பங்கு போடாதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவாதீர்கள், சளி தூவானமாகும். கறி நன்றாக வெந்தால் சாப்பிடுகிறவருக்கு ஒன்றுமில்லை. கிழட்டு ஒட்டகமானால் குக்கரில் நாலு விசில் பத்தாது, அதையும் சொல்லி வையுங்கள்.